வெளிநாட்டில் நாம், வடவள்ளியில் வீடு: வாடகைக்கு விடப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

துபாயில் வேலை கிடைத்துக் கிளம்பிய அன்று, வீட்டுச் சாவிக் கொத்தை அப்படியே மாமா கையில் கொடுத்துவிட்டு வந்தேன். "நீ போய்ட்டு வா கண்ணு, வீட்ட நான் பாத்துக்கறன்" என்றார். அவர் இருப்பது தொண்டாமுத்தூரில், வீடு வடவள்ளியில். மோட்டார் ஓடவில்லை என்றாலும், குழாய் ஒழுகினாலும், வாடகை ஒரு வாரம் தள்ளிப் போனாலும் டிவிஎஸ் ஃபிஃப்டியில் அவர்தான் வந்து நின்றார். நாலு வருஷம் இப்படியே ஓடியது. ஐந்தாம் வருஷம் அவருக்கு உடம்பு முடியாமல் போனபோது ஊருக்கு வந்தேன். அத்தை ஒரு பழைய டைரியை எடுத்துக் கொடுத்தார். மோட்டாருக்குக் காயில் கட்டியது, சம்ப் கழுவியது, பெயிண்டர் கூலி என்று தேதி போட்டு எழுதி வைத்திருந்தார் மாமா. என்னிடம் சொல்லி வாங்கிக்கொண்டது அதில் பாதிகூட இல்லை. ஏன் மாமா சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "உங்கிட்ட எப்புடிக் கண்ணு கணக்குச் சொல்லிக் காசு கேக்கறது" என்றார்.

அன்றைக்குத்தான் முறையாகச் செய்வது என்று முடிவெடுத்தேன். அதற்கப்புறம் நான் கற்றுக்கொண்டதை, முதல்முறையாக வெளிநாடு போகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, கோபி என்று எந்த ஊரில் வீடு இருந்தாலும் பெரும்பகுதி பொருந்தும். ஊரில் நமக்காக நிற்கிற ஆளையும், கையில் இருக்க வேண்டிய காகிதத்தையும் முதலில் சரி செய்யுங்கள். குடிவைப்பது அதற்கு அப்புறம்.

உங்களுக்குப் பதிலாக நிற்கப் போவது யார்?

சொந்தக்காரரோ, கூடப்படித்த நண்பரோ, பக்கத்து வீட்டு அண்ணனோ, யாராக இருந்தாலும் சரி. மூன்று விஷயம் பாருங்கள். வீட்டிலிருந்து அரைமணி நேரத்துக்குள் வந்து சேரக்கூடியவரா? ஒரு பிளம்பரையும் ஒரு எலக்ட்ரீஷியனையும் பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் உள்ளவரா? உங்களிடம் கெட்ட செய்தியைத் தயங்காமல் சொல்வாரா? மூன்றாவதுதான் முக்கியம். நம் பக்கத்து ஆட்கள் மரியாதைக்காக மறைத்துவிடுவார்கள். "தூரத்துல இருக்கற பையன எதுக்குங்க தொந்தரவு பண்றது" என்று கையைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். தொந்தரவு என்று அவர்கள் நினைத்து மறைப்பது, ஆறு மாதத்தில் சுவர் முழுக்க ஓதமாக வந்து நிற்கும்.

ஆகவே காசு விஷயத்தை முதல் நாளே பேசிவிடுங்கள். மாதம் இவ்வளவு என்று ஒரு தொகை. அது போக, சில்லறை வேலைக்கென்று ஒரு பத்தாயிரம் ரூபாயை முன்கூட்டியே அவர் கணக்கில் போட்டு வைப்பது. இரண்டாயிரத்துக்குள் முடிகிற வேலைக்கு என்னைக் கேட்க வேண்டாம், செய்துவிட்டு ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். அதற்கு மேல் போனால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று வரம்பு வையுங்கள். மாமாவிடம் இதைச் சொன்னபோது முகம் சுருங்கிவிட்டது. பணம் கொடுத்து உறவை வெட்டப் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டார். அத்தைதான் புரிய வைத்தார். இப்போது அவர் மகன், என் மச்சான், அதே முறையில் பார்த்துக்கொள்கிறான். கணக்கு சுத்தமாக இருப்பதால் நோம்பிக்கு ஊருக்குப் போனால் பழைய மாதிரி உட்கார்ந்து பேச முடிகிறது.

சொந்தத்தில் ஆளே இல்லையென்றால், வீடுகளைப் பராமரித்துத் தருகிற நிறுவனங்கள் கோவையில் இருக்கின்றன. சேர்வதற்கு முன், அவர்கள் ஏற்கெனவே பார்த்துக்கொள்ளும் இரண்டு வீட்டு உரிமையாளர்களிடமாவது பேசுங்கள். வாடகை அவர்கள் கணக்குக்குப் போய் அப்புறம் உங்களுக்கு வரும் ஏற்பாடு என்றால் வேண்டாம்.

பவர் பத்திரம்: எவ்வளவு கொடுக்க வேண்டுமோ அவ்வளவே

நீங்கள் இல்லாத நேரத்தில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட, வாடகை அதிகாரி (வாடகை ஒப்பந்தங்களைப் பதிகிற அரசு அலுவலர்) முன் நிற்க, நோட்டீஸ் கொடுக்க ஒருவருக்கு அதிகாரம் வேண்டும். அதற்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். குறிப்பிட்ட காரியங்களுக்கு மட்டுமான சிறப்பு அதிகாரப் பத்திரம் போதும். வாடகைக்கு ஆள் பார்ப்பது, ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்வது, சொத்துவரி, தண்ணீர்க் கட்டணம், மின்கட்டணம் கட்டுவது, பழுது பார்ப்பது, வாடகை தொடர்பான வழக்கில் ஆஜராவது ஆகியவற்றை எழுதுங்கள். விற்கவோ, அடமானம் வைக்கவோ, வீட்டின் பேரில் கடன் வாங்கவோ அதிகாரம் இல்லை என்பதையும் வெளிப்படையாக எழுதுங்கள். நம்பிக்கை இல்லாமல் இல்லை. பிற்பாடு அந்த மனிதர் மேல் யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது, அதற்கும் இந்த வரி காப்பு.

கிளம்பும் முன்பே ஊரில் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுவது சுலபம். கிளம்பிவிட்டீர்கள் என்றால், அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டுச் சான்று பெற வேண்டும். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் நோட்டரி கையெழுத்தோடு அப்போஸ்டில் முத்திரை, அதாவது அது உண்மையானது என்று அந்நாட்டு அரசு தரும் சான்று, வாங்குகிற வழியும் உண்டு. அசல் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை செலுத்த வேண்டும். நம் பக்கத்தில் இதற்கு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போவார்கள். கூரியரில் வந்த பத்திரம் பீரோவில் தூங்கி, மூன்று மாதம் கடந்து, மறுபடி முதலில் இருந்து தொடங்கிய கதைகளைக் கேட்டிருக்கிறேன். வந்த உறையையும் தேதி தெரிகிற மாதிரி பத்திரமாக வையுங்கள்.

இன்னொரு பழக்கம் வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உங்கள் சர்வே எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். பட்டாவும் உங்கள் பெயரில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். ஆளில்லாத வீடுகளுக்கும் காலி மனைகளுக்கும் இது காவல்.

வீட்டைக் கொடுக்கும் முன்

வீட்டைச் சுற்றி ஒரு முழு நாள் செலவழியுங்கள். மொட்டை மாடிக்கு ஏறித் தண்ணீர் போகும் வாயைப் பாருங்கள். எங்கள் வீட்டில் பக்கத்து வேப்பமரத்து இலை வந்து அந்த வாயை அடைத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் மாடி முழுக்கத் தண்ணீர் நின்று, தட்டோட்டின் இணைப்பு வழியாக இறங்கி, ஹாலில் விசிறிக் கொக்கியைச் சுற்றி ஒரு பழுப்பு வட்டம் விழுந்தது. குடியிருந்தவர்கள் நல்லவர்கள். "ஓனருக்குச் சங்கடமா இருக்குமுங்க" என்று நாலு மாதம் சொல்லவே இல்லை. பத்து ரூபாய்க் கம்பி வலை ஒன்றை அந்த வாயில் வைத்திருந்தால் வந்திருக்காது. இப்போது வருஷத்தில் இரண்டு தடவை, ஆடிக்காற்று ஓய்ந்த பிறகு ஒருமுறை, கார்த்திகை மழைக்கு நடுவில் ஒருமுறை, மாடியைக் கூட்டிவிட்டுப் போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றின் வேகம் நமக்குத் தெரிந்ததுதான். சின்டெக்ஸ் மூடி, சோலார் ஹீட்டர், ஷீட்டுக் கூரை எல்லாம் இறுகப் பிடித்திருக்கிறதா என்று வைகாசியிலேயே பார்த்துவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தை ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். சிறுவாணித் தண்ணீர் எந்தக் குழாய், போர் தண்ணீர் எந்தக் குழாய், எந்த வால்வைத் திறந்தால் எது நிறையும், மோட்டாரை எத்தனை நிமிஷம் ஓட விடலாம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கோவைப் பக்கம் போர் ஆழம் பல இடங்களில் ஆயிரம் அடியைத் தாண்டிவிட்டது. தண்ணீர் இல்லாமல் மோட்டார் வெறுமனே ஓடிக் கருகினால் வெளியே எடுக்கவே பெரிய செலவு. உப்புத் தண்ணீர் கீசரையும் குழாயையும் சீக்கிரம் அரித்துவிடும். கீசர் காயில் போனால் யார் செலவு என்பதைக்கூட முன்பே பேசிவிடலாம்.

அப்புறம், மனதுக்கு நெருக்கமான பொருள்கள். அப்பா செய்து வைத்த தேக்குக் கட்டில், அம்மாவின் ஆட்டுக்கல், பூஜை அறைப் படங்கள் இவற்றை வாடகை வீட்டில் விட்டுவிட்டு வந்து, கீறல் விழுந்துவிட்டது என்று வருத்தப்படுவது குடியிருப்பவருக்கும் பாரம். ஒரு அறையைப் பூட்டி வைத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைப்பார்கள். பூட்டிய அறையில் காற்றோட்டம் இல்லாமல் கரையான் ஏறும். நான் எல்லாவற்றையும் மாமா வீட்டு மேல்மாடிக்கு மாற்றிவிட்டேன்.

கடைசியாக, வீடியோ. வாசல் கேட்டில் தொடங்கி ஒவ்வொரு அறையாக, ஒவ்வொரு ஸ்விட்சையும் போட்டு, ஒவ்வொரு குழாயையும் திறந்து காட்டி, இபி மீட்டரின் அளவு தெரியும்படி எடுத்து முடியுங்கள். அதைக் குடிவருபவருக்கும் அனுப்பி, "பார்த்தேன், சரிங்க" என்று ஒரு பதில் வாங்கி வையுங்கள்.

யாருக்கு, எப்போது, எவ்வளவுக்கு

நம் ஊரில் வீடு மாறுவதற்கும் பருவம் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்ச மாட்டார்கள். புரட்டாசியையும் பலர் தவிர்ப்பார்கள். பள்ளி திறக்கும் முன் வருகிற சித்திரை, வைகாசியில்தான் குடும்பங்கள் வீடு தேடும். ஆனிக் கடைசியில் வீடு காலியானால் ஆவணி வரை சும்மா இருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் முடிகிற மாதத்தை ஏப்ரல், மே பக்கம் வருகிற மாதிரி வைத்தால் இந்தச் சிக்கல் குறையும்.

இடத்தைப் பொறுத்து வருகிற ஆட்கள் மாறுவார்கள். வடவள்ளியில் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் வேளாண் பல்கலைக்கழகத்திலும் வேலை பார்க்கிற குடும்பங்கள் வருவார்கள். சரவணம்பட்டி, காளப்பட்டிப் பக்கம் ஐடி வேலைக்காரர்கள். பெருந்துறையில் சிப்காட் ஊழியர்கள், மருத்துவக் கல்லூரிக்காரர்கள். திருப்பூரில் ஒரு விஷயம் கவனியுங்கள். வீடு என்று எடுத்து, ஹாலில் நாலு தையல் மெஷினைப் போட்டு ஜாப் ஒர்க் ஓட்டுவது உண்டு. கம்பெனி பெயரில் எடுத்துத் தொழிலாளர்களைத் தங்க வைப்பதும் உண்டு. இரண்டிலும் தப்பு ஒன்றும் இல்லை, தெரிந்து விடுவதாக இருந்தால். வீட்டு மின் இணைப்பில் தொழில் நடந்தால் கட்டண விகிதமே மாறும், அபராதம் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் மேல் வரும். ஆகவே "குடியிருக்க மட்டும்" என்பதையும், எத்தனை பேர் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். தொழிலாளர் தங்க விடுவதாக இருந்தால் கழிப்பறை எண்ணிக்கை, தண்ணீர், தலைக்கு இவ்வளவு இடம் என்று பார்த்து மனிதர்கள் தங்குகிற மாதிரி விடுங்கள். பத்துப் பேர் தங்குகிற வீட்டுக்கு ஒரு குளியலறை என்பது வாடகைக்காக நாம் செய்யக்கூடாத காரியம்.

வீடு கேட்டு வருகிறவரிடம் "நீங்க என்ன ஆளுங்க" என்று நம் பக்கத்தில் கேட்கிறார்கள். நான் கேட்பதில்லை, தரகரும் என் பெயரைச் சொல்லிக் கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். நாமே வெளிநாட்டில் வீடு தேடி அலைந்தவர்கள். நம் பாஸ்போர்ட்டைப் பார்த்து முகம் திருப்பிய வீட்டுக்காரரை மறக்க முடிகிறதா? வேலைச் சான்று, ஆதார் நகல், முன்பு இருந்த வீட்டு உரிமையாளரின் எண் இவை போதும். அந்தப் பழைய வீட்டுக்காரருக்கு நீங்களே போன் செய்யுங்கள். பத்து நிமிஷப் பேச்சில் தெரிகிற விஷயம் எந்தச் சான்றிதழிலும் தெரியாது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வாடகைதாரர் சரிபார்ப்புக்குக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கும் வசதியும் இருக்கிறது.

வாடகை எவ்வளவு என்பதற்கு, அதே வீதியில் இப்போது காலியாக இருக்கும் மூன்று வீடுகளை விசாரித்தாலே போதும். நான் ஐந்நூறு, ஆயிரம் குறைத்தே விடுகிறேன். நல்ல குடும்பம் நாலு வருஷம் இருந்தால் அந்தக் குறைவு தரகுக் காசிலும் பெயிண்ட் செலவிலும் திரும்ப வந்துவிடும். போக்கியத்துக்கு விடுவது, அதாவது பெரிய தொகையை மொத்தமாக வாங்கிக்கொண்டு மாத வாடகை இல்லாமல் விடுவது, தூரத்தில் இருப்பவர்களுக்குச் சரிப்படாது. வாங்கிய பணம் எதிலாவது முடங்கிவிடும். அவர் காலி செய்கிற நாளில் மொத்தமாகத் திருப்ப வேண்டும்.

ஒப்பந்தமும் பதிவும்

முத்திரைத்தாளில் பதினொரு மாதத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்ற பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. அது போதாது. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு இயற்றிய சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். எழுதிய 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இதற்கென அரசு இணையதளம் இருக்கிறது. பதிவானதும் ஒரு வாடகைப் பதிவு எண் கிடைக்கும். பதினொரு மாத ஒப்பந்தத்துக்கும் இது பொருந்தும். ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கு எழுதினால் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிய வேண்டும்.

பதிவு செய்யாத ஒப்பந்தத்தோடு நாளைக்கு ஒரு தகராறில் போய் நின்றால் நம் கை வலுவாக இருக்காது. துபாயில் இருந்து விமானம் பிடித்து வந்து நிற்க முடியாத நமக்கு இந்தப் பதிவு எண்தான் பலம்.

முன்பணம் மூன்று மாத வாடகை என்பது சட்டம் சொல்லும் அளவு. பத்து மாதம் வாங்குகிற பழக்கத்தைக் கைவிடுங்கள். வாடகை எந்தத் தேதிக்குள், வருஷத்துக்கு எத்தனை சதவீதம் உயரும், காலி செய்ய எத்தனை மாதம் முன்பு சொல்ல வேண்டும், எந்தப் பழுது யாருடைய செலவு, சுவரில் ஆணி அடிக்கலாமா, வண்டி எங்கே நிறுத்துவது என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். சட்டப்படி, பழுது பார்க்கவோ பார்வையிடவோ வீட்டுக்குள் போவதற்கு 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். மச்சானுக்கு இதை அழுத்திச் சொல்லியிருக்கிறேன். அது நம் வீடுதான், ஆனால் வாடகை கொடுக்கிற நாள் வரை அவர்கள் குடியிருக்கும் வீடு. ஒப்பந்தத்தில் நோட்டீஸ் அனுப்ப உங்கள் மின்னஞ்சலும் வாட்ஸ்அப் எண்ணும் இருக்கட்டும்.

வங்கிக் கணக்கு, போன் எண்

வெளிநாட்டில் குடியேறிவிட்டால் ஊரில் இருக்கும் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது. அதை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்திய வருமானத்தை வரவு வைக்கும் கணக்காக, மாற்ற வேண்டும். வாடகை அந்தக் கணக்கில் வந்து விழட்டும். உறவினர் கணக்கில் வாங்கி, அவர் உங்களுக்கு அனுப்புகிற ஏற்பாடு நாளைக்கு அவருடைய வருமானமாகக் கேள்வி கேட்கப்படலாம். என்ஆர்ஓ கணக்கிலிருந்து, வரி கட்டிய பின், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வெளியே கொண்டுபோகலாம்.

பான் அட்டை பற்றி ஒன்று. ஆதாரோடு இணைக்காத பான் எண்கள் 2023 ஜூலை முதல் செயலற்றுப் போயின. அதில் வெளிநாட்டு இந்தியர்கள் பலர் மாட்டினார்கள். வருமான வரி இணையதளத்தில் உள்ளே போய், பான் செயலில் இருக்கிறதா, உங்கள் நிலை வெளிநாட்டில் வசிப்பவர் என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இந்திய சிம் கார்டைக் குறைந்த ரீசார்ஜிலாவது உயிரோடு வையுங்கள். வங்கி, ஆதார், வரி எல்லாவற்றுக்கும் ஓடிபி அதற்குத்தான் வரும்.

வரி: இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உங்கள் வாடகை எந்த நாட்டில் செலவானாலும், வீடு இந்தியாவில் இருப்பதால் இந்தியாவில் வரிக்கு உட்பட்டது. அது மட்டுமல்ல. வீட்டு உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால், வாடகை தருகிறவர் வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தர வேண்டும். இந்தப் பிடித்தம்தான் டிடிஎஸ். "மாசம் அம்பதாயிரத்துக்குக் கீழ இருந்தா டிடிஎஸ் இல்லீங்களே" என்பார்கள். அந்த வரம்பு இந்தியாவில் வசிக்கும் உரிமையாளர்களுக்கு. நமக்குத் தொடக்க வரம்பே கிடையாது. எட்டாயிரம் ரூபாய் லைன் வீட்டு வாடகைக்கும் பொருந்தும். பழைய சட்டத்தில் இது 195ஆம் பிரிவு. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் பொருந்தும் என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் வேறு. ஆடிட்டரிடம் புதிய எண்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விகிதம் 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீதம் செஸ், ஆக 31.2 சதவீதம். வாடகை 20,000 என்றால் மாதம் 6,240 பிடித்தம், கைக்கு 13,760. வருஷத்துக்கு 74,880 ரூபாய் அரசிடம் போய்விடும்.

பயப்பட வேண்டாம், உண்மையான வரி இவ்வளவு இருக்காது. வருஷ வாடகை 2,40,000. நீங்கள் கட்டிய சொத்துவரி 6,000 என்று வைத்துக்கொள்வோம். அதைக் கழித்தால் 2,34,000. அதில் 30 சதவீதம், அதாவது 70,200 நிலையான கழிவு. பழுது பார்த்தீர்களா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. மிச்சம் 1,63,800. புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டு முதல் 4 லட்சம் வரை வரி இல்லை. இந்தியாவில் வேறு வருமானம் இல்லையென்றால் வரி பூஜ்யம். பிடித்த 74,880 முழுவதையும் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். ஆனால் ரிட்டர்ன் போட்டால்தான். வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. இன்னொன்று, ஊரில் இருப்பவர்களுக்குக் கிடைக்கிற வரித் தள்ளுபடி நமக்குக் கிடையாது. 12 லட்சம் வரை வரியில்லை என்று செய்தியில் படித்து ஏமாந்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு வருஷமும் பணம் முடங்குவது பிடிக்கவில்லையென்றால், குறைந்த விகிதத்தில் பிடிக்கவோ பிடிக்காமலே விடவோ வருமான வரித் துறையிடம் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கலாம். நிதியாண்டுக்கு ஒருமுறை புதிதாக வாங்க வேண்டும். குடித்தனம் மாறினால் மறுபடியும் வாங்க வேண்டும்.

இதில் குடியிருப்பவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். அவர் டேன் எண் (வரி பிடிப்பவர்களுக்கு வருமான வரித் துறை தரும் எண்) வாங்க வேண்டும், பிடித்த வரியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தாமதத்துக்கு வட்டியும் அபராதமும் அவர் தலையில். ஒரு பள்ளி ஆசிரியரோ மில் சூப்பர்வைசரோ இதையெல்லாம் எங்கே கண்டார்? சொல்லாமல் குடிவைத்துவிட்டு, இரண்டு வருஷம் கழித்து அவருக்கு நோட்டீஸ் வந்தால் அது நாம் அவருக்குச் செய்த துரோகம். நான் செய்வது இதுதான்: வீடு காட்டும்போதே, உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுகிறோம். டேன் வாங்குவது முதல் காலாண்டுக் கணக்கு வரை என் ஆடிட்டரே அவருக்காகச் செய்து தருகிறார், கட்டணம் என்னுடையது. இதை ஒப்பந்தத்திலும் எழுதியிருக்கிறோம். போன முறை குடிவந்த அம்மா, "காசு கட்டறது மட்டும் நாங்க, மத்ததெல்லாம் அவிங்க பாத்துக்குவாங்கன்னா சரிங்க" என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார்.

நீங்கள் இருக்கும் நாட்டிலும் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வரிக்குடியினராக இருப்பவர்கள் ஊர் வாடகையையும் அங்கே காட்ட வேண்டும். இந்தியாவில் கட்டிய வரிக்கு அங்கே வரவு பெறும் வழி உண்டு. அமீரகத்தில் தனிநபர் வருமான வரி இல்லாததால் எனக்கு அந்த வேலை இல்லை.

மாதா மாதம்

சொத்துவரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரலிலும் அக்டோபரிலும், அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைக்கும், அதிகபட்சம் 5,000 ரூபாய். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிக்கு ஓர் இணையதளம், கிராம ஊராட்சிக்கு வேறொன்று. ரசீதைச் சேமித்து வையுங்கள், வரிக்கணக்கில் கழிக்க வேண்டும். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. குடியிருப்பவரே நேரடியாகக் கட்டட்டும். இணைப்பு எண்ணை வைத்து நிலுவை இருக்கிறதா என்று நீங்கள் போனிலேயே பார்க்கலாம். அரசு தரும் இலவச யூனிட்டுகள் குடியிருப்பவருக்குப் போய்ச் சேர வேண்டியவை. அவற்றை நாம் வைத்துக்கொண்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று தனியாக வசூலிப்பது சரியில்லை.

குடியிருப்பவர், மச்சான், நான், மூவரும் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். ஒழுகல், பழுது எல்லாம் அதில்தான். "ஏனுங்ணா, பாத்ரூம் குழா சொட்டிட்டே இருக்குதுங்க" என்று ஒரு பத்து விநாடி வீடியோ வந்தால், அன்றைக்கே பதில் போடுவேன், வேலையில் இருந்தாலும். நாம் சீக்கிரம் பதில் சொன்னால்தான் அவர்கள் அடுத்த முறை சீக்கிரம் சொல்வார்கள். நல்லது கெட்டதும் அதிலேயே வரும். பொங்கலுக்கு நான் ஒரு வாழ்த்துப் போடுவேன், அவர்கள் வாசலில் கோலத்தைப் படமெடுத்து அனுப்புவார்கள். என் அம்மா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

காலி செய்யும்போது

ஒரு வாரம் முன்பே மச்சான் போய், பழைய வீடியோவைப் போனில் ஓடவிட்டபடி, அவர்களோடு சேர்ந்தே வீட்டைச் சுற்றி வருவான். குடியிருந்து பழகியதால் வருகிற தேய்மானத்துக்கு, அதாவது மங்கிய பெயிண்ட், உப்புப் படிந்த குழாய் இவற்றுக்கு, நான் பணம் பிடிப்பதில்லை. உடைந்த கண்ணாடி, காணாமல் போன சாவி, கட்டாத மின்கட்டணம் இவற்றை மட்டும் எழுதி, இரு பக்கமும் ஒப்புக்கொண்ட பிறகு கழிப்போம். முன்பணத்தை ஒரு மாதத்துக்குள் திருப்ப வேண்டும் என்கிறது சட்டம். அவர்களுக்குப் புது வீட்டு அட்வான்ஸுக்கு அந்தப் பணம்தான் வேண்டியிருக்கும். ஆகவே சாவி வாங்குகிற அன்றே அனுப்பிவிடுகிறேன். அதற்காகவே அந்த மூன்று மாத வாடகையை என்ஆர்ஓ கணக்கில் தொடாமல் வைத்திருக்கிறேன்.

சாவி கைக்கு வந்ததும் மீட்டரைப் படமெடுத்து, வெளிக் கேட் பூட்டையும் முன்கதவுப் பூட்டையும் மாற்றிவிடச் சொல்லுங்கள். மெயின் வால்வை மூடி, கீசர் ஸ்விட்சை அணைத்து, சம்ப் மூடியை இறுக்கிவிட்டு, மொட்டை மாடி வாயில் இலை இல்லை என்று ஒரு போட்டோ வந்த பிறகுதான் நான் தரகருக்குப் போன் செய்வேன்.